திருப்பி எடுங்கோ, சேர்!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதியில் ஒரு மனிதருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? குளம் கட்டினாரா? பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தாரா? இல்லை. ஒரு சங்கத்தின் ரெலிபோன் பில்லைப் பாதியாகக் குறைத்தாராம்!

மண்டபம் நிறையக் கைதட்டல். நான் மட்டும் தட்டவில்லை. என் கை அன்று இருந்த இருப்புக்கு அது வேறு எங்கேயாவது போய் விழுந்துவிடும் என்ற பயத்தில், இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தேன்.

பொறுங்கள்... கோபத்தில் வாலிலிருந்து தொடங்கிவிட்டேன். தலையிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் எழுதிச் சாப்பிடுகிற ஆள் இல்லை. நெடுங்கேணிச் சந்தியில் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, சிம் கார்ட், ரீலோட், அடையாள அட்டைக்கு லமினேற்றிங். எழுத்து கிழமைக்கு ஒருநாள். ரீலோட் ஒவ்வொரு நாளும்.

ரீலோட் விற்கிறவனுக்கு ஊரின் நாடி தெரியும். யார் வெளிநாட்டுக்குப் பேசுகிறார்கள், யார் யாரோடு கோபம், யாருக்குக் காதல் — எல்லாம் தெரியும். சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் சனம் எப்படிப் போன் பாவிக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அது விளங்காவிட்டால் இந்தக் கதை விளங்காது.

எங்கள் சனம் போனில் பேசுவது குறைவு. மிஸ் கோல் கொடுப்பதுதான் அதிகம்.

வவுனியாவில் பஸ் ஏறிய புருசன் ஒரு மிஸ் கோல் கொடுப்பார் — வெளிக்கிட்டாயிற்று என்று அர்த்தம். மனைவி பதிலுக்கு ஒரு மிஸ் கோல் கொடுப்பா — சரி, உலை வைக்கிறேன் என்று அர்த்தம். ரக்டர்காரனுக்கு ஒரு மிஸ் கோல் கொடுத்தால் உழவுக்கு வரச் சொல்கிறோம். அவன் திருப்பி ஒன்று கொடுத்தால் வருகிறான். அவ்வளவுதான். ஒரு சதமும் வெட்டுப்படாது. காரியமும் நடந்துவிடும்.

இதில் ஒரு மரியாதை இருக்கிறது. ஒற்றை மணி அடித்தால் எடுக்கக் கூடாது! எடுத்தால் மற்றவரின் காசு போய்விடும். தெரியாத்தனமாக யாரும் எடுத்துவிட்டால், "ஏனப்பா எடுத்தனீ? காசை வெட்டிப்போட்டுது!" என்று பேச்சு விழும். மற்ற ஊர்களில் போனை எடுக்காவிட்டால் மரியாதை இல்லை. இங்கே எடுக்காமல் விடுவதுதான் மரியாதை.

இனிப் பால் சங்கத்துக்கு வருவோம். பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருக்கிற குடும்பங்கள் காலையில் பால் கொண்டுபோய் ஊற்றுகிற சங்கம். மாட்டுக்குத் தீவனம் கொடுக்கும், வருத்தம் வந்தால் ஆள் அனுப்பும். நல்ல சங்கம். இப்போதும் அதை நல்ல சங்கம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் சங்கம் என்பது அந்தச் சனம். மனேச்சர் அல்ல.

மனேச்சர் புதிதாக வந்தவர். படித்தவர். இஸ்திரி மடிப்புக் கலையாத சேட். பேச்சில் 'எபிசியன்சி' என்ற சொல் அடிக்கடி வரும். வந்து முதல் வேலையாக ரெலிபோன் பில்லைத் தூக்கி மேசையில் வைத்தார். செலவு கூடிவிட்டது, குறைக்க வேண்டும் என்றார். சரி. நியாயமான கதைதான். பில்லைக் குறைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. நானும் கடைக்காரன், எனக்கும் பில் வருகிறது.

எப்படிக் குறைத்தார் தெரியுமா?

ஒப்பீசில் இருந்து உறுப்பினர்களுக்கு இனிக் கோல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தேவை என்றால் மிஸ் கோல் கொடுக்க வேண்டும். அவர்கள் திருப்பி எடுத்துக் கதைப்பார்கள். அவர்களுடைய காசில்!

அடுத்தது, ஒப்பீசுக்கு வருகிற கோலை ஆள் எடுக்கத் தேவையில்லை என்று ஒரு மெசினைப் பூட்டினார். நீங்கள் ஒப்பீசுக்கு எடுத்தால் ஒரு பெண் குரல் வரும். வணக்கம், ஆயுபோவன், வெல்கம். சிங்களத்துக்கு ஒன்றை அழுத்துங்கள், தமிழுக்கு இரண்டை அழுத்துங்கள், ஆங்கிலத்துக்கு மூன்றை அழுத்துங்கள். சங்கத்தின் உறுப்பினர் எல்லாருமே தமிழ்ச் சனம். மாடுகள்கூடத் தமிழில்தான் பேச்சு வாங்கும். சரி, இரண்டை அழுத்தினால் பால் விலைக்கு ஒன்று, தீவனத்துக்கு இரண்டு, கடனுக்கு மூன்று என்று போகும். மாட்டுக்கு வருத்தம் என்றால் எத்தனையாவது? கடைசி! அதை அழுத்தினால் நாதஸ்வரம் கேட்கும். யாராவது ஓய்வாக இருந்தால் எடுப்பார்கள்.

அந்த நாதஸ்வரத்துக்கும் சேர்த்துத்தான் ஏழையின் ரீலோட்டில் வெட்டுப்படும்.

அந்த நாட்களில் என் கடையில் ரீலோட் வியாபாரம் கூடியது. காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிற பெண்கள் வந்து போட்டுக்கொண்டு போவார்கள். எனக்கு என்ன தெரியும்? சந்தோசமாக விற்றேன். சங்கத்தின் பில் குறையக் குறைய என் கல்லாப்பெட்டி நிறைகிறது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்க வைத்தது தங்கேஸ்வரியின் மாடு.

தங்கேஸ்வரி எங்கள் சந்தியில் இருந்து காட்டுப்பக்கமாக உள்ளே போனால் வருகிற ஊரில் இருக்கிறா. புருசன் வவுனியாவில் மேசன் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மகள் உயர்தரம் படிக்கிறாள். வீட்டில் ஒரே ஒரு கறவை மாடு. ஜேர்சி கலப்பு. செம்மண் நிறம், அதனால் பெயர் சிவப்பி. அந்த வீட்டின் உப்பு, புளி, மகளின் ரியூசன், பஸ் காசு எல்லாம் சிவப்பியின் மடியில் இருந்துதான் வந்தது. இதை நான் அழகுக்காக எழுதவில்லை. உள்ளதே அதுதான்.

மூன்று கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை விடியப்புறம் சிவப்பி கன்று போட்டது. நாகு கன்று, பெண் கன்று. தங்கேஸ்வரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் வெயில் ஏறுகிற நேரம் மாடு படுத்துவிட்டது. எழும்பவில்லை. காது குளிர்ந்துவிட்டது. கழுத்தை ஒரு பக்கமாக வளைத்து வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

மாடு வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். நல்லாகப் பால் கறக்கிற மாடு கன்று போட்டவுடன் உடம்பில் கல்சியம் இறங்கிவிடும். நேரத்துக்கு நரம்பில் கல்சியம் ஏற்றினால் எழும்பி நின்று புல்லுக்குத் தலை நீட்டும். நேரத்துக்கு ஏற்றாவிட்டால்... அதுவும் தெரியும்.

தங்கேஸ்வரி சங்கத்துக்குப் போன் எடுத்தா. மெசின் வந்தது. வணக்கம், ஆயுபோவன், வெல்கம். இரண்டை அழுத்தினா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்து கடைசி இலக்கத்தையும் அழுத்தினா. நாதஸ்வரம் வாசித்தது. வாசித்துக்கொண்டே காசு முடிந்து கோல் அறுந்தது.

மிச்சம் இருந்த காசு மணி அடிக்க மட்டும்தான் போதும். அவா என்ன செய்வா? எங்கள் சனம் செய்வதைத்தான் செய்தா. மெசின் எடுக்குமுன் ஒற்றை மணி அடித்து வெட்டினா. மிஸ் கோல்.

சங்கத்தில் போனடியில் இருப்பவள் சுகந்தி. நல்ல பிள்ளை. மெசினுக்கு ஆட்கள் அழுத்தும்போது எடுப்பதும், பால் கணக்குப் பதிவதும் அவள் வேலை. திரையில் தங்கேஸ்வரியின் பெயரைப் பார்த்தாள். இப்படி மிஸ் கோல்கள் ஒரு நாளைக்கு எத்தனையோ வரும் — தீவனம் வந்ததா, காசு போட்டாச்சா என்று. உத்தரவு என்ன? கோல் எடுக்கக் கூடாது, மிஸ் கோல் கொடு. சுகந்தி மிஸ் கோல் கொடுத்தாள்.

தங்கேஸ்வரியின் போன் ஒரு தரம் அடித்து நின்றது. திரையில் சங்கத்தின் பெயர்.

இப்போது சொல்லுங்கள் — எங்கள் ஊரில், நீங்கள் கொடுத்த மிஸ் கோலுக்குத் திருப்பி ஒரு மிஸ் கோல் வந்தால் என்ன அர்த்தம்?

வருகிறோம் என்று அர்த்தம்!

தங்கேஸ்வரி போனை வைத்துவிட்டு, மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டா. பக்கத்து வீட்டுக்காரர் உரச் சாக்குகளில் வைக்கோல் அடைத்துக் கொண்டுவந்து மாட்டுக்கு முண்டு கொடுத்திருக்கிறார். "தங்கச்சி, நான் சைக்கிளிலை போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றும் கேட்டிருக்கிறார்.

"வேண்டாம் அண்ணை. அவை மிஸ் கோல் தந்திட்டினம். வருகினம்."

இதை அவாதான் எனக்குப் பிறகு சொன்னா. அந்த நம்பிக்கையைப் பாருங்கள். சங்கம் மணி அடித்துவிட்டது, இனி ஆள் வரும் என்று ஒரு மனுசி மாட்டோடு மண்ணில் இருக்கிறா. அங்கே சங்கத்திலோ, திருப்பி எடுக்கவில்லையே, அப்ப அவசரம் ஒன்றும் இல்லைப்போல என்று சுகந்தி பால் கணக்கைப் பதிகிறாள்.

நேரம் போனது. தங்கேஸ்வரி இன்னொரு மிஸ் கோல் கொடுத்தா. சங்கம் இன்னொரு மிஸ் கோல் கொடுத்தது. அவா கொடுத்தா. அவர்கள் கொடுத்தார்கள். முற்பகல் முழுக்க அந்த இரண்டு போனும் மாறி மாறி ஒற்றை மணி அடித்தபடி. ஒருவருக்கும் ஒரு சதம் செலவில்லை. மனேச்சரின் பில்லில் அந்த நாள் வெள்ளை வெளேர் என்று இருந்திருக்கும்.

மத்தியானம் திரும்பிய பிறகுதான் என் போன் ஒரு தரம் அடித்து நின்றது. மிஸ் கோலுக்குத் திருப்பி எடுப்பது என் தொழில். எடுத்தேன்.

"அண்ணை, தங்கேஸ்வரி கதைக்கிறன். ஒரு உதவி. ஒருக்காப் பால் சங்கத்துக்கு எடுத்து, வெளிக்கிட்டிட்டினமோ எண்டு கேக்கிறியளே?"

"ஆர் வெளிக்கிட?"

"மாட்டுக்கு மருந்து ஏத்திற தம்பி. காலமையே வாறம் எண்டவை. இன்னும் காணேல்லை. சிவப்பி இப்ப தலையைத் தூக்குதில்லை அண்ணை..."

'வாறம்' என்று யார் சொன்னது என்று கேட்டேன். மிஸ் கோல் தந்தவை என்றா.

எனக்கு விளங்கிவிட்டது. சங்கத்துக்கு எடுத்தேன். வணக்கம், ஆயுபோவன், வெல்கம்! கையில் இருந்த போனை எறியாமல் விட்டது, அது என் போன் என்பதால்தான். பக்கத்துத் தையல்கடைக்காரரிடம் "கடையைப் பாருங்கோ" என்று கத்திவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

சங்கத்தின் வாசலில் நான் கண்டது என்ன? மருந்து ஏற்றுகிற நிரோசன், சங்கத்தின் கால்நடை உதவியாளர், மாமரத்தடியில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடிக்கிறான். பக்கத்தில் அவனுடைய மோட்டார் சைக்கிள். பெட்டிக்குள் கல்சியம் போத்தல். எல்லாம் தயார். ஆள் தயார், மருந்து தயார், வண்டி தயார். வா என்று சொல்ல ஒரு கோல் இல்லை.

"தங்கேஸ்வரியின்ரை மாடு விழுந்து கிடக்குதடா!" என்றேன்.

தேத்தண்ணி அப்படியே மண்ணில். அவனில் பிழை சொல்லமாட்டேன். அந்தக் கிரவல் ரோட்டில் அவன் போன வேகத்துக்கு என்னால் பின்னால் போக முடியவில்லை.

நாங்கள் போனபோது சிவப்பி பக்கவாட்டில் சரிந்து கால் நீட்டிக் கிடந்தது. நிரோசன் மண்ணில் முழங்காலில் இருந்து கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினான். போத்தலைத் தூக்கிப் பிடித்தது நான். மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. மாட்டின் தோல் ஒரு தரம் நடுங்கியது. தங்கேஸ்வரி, "எழும்பு பிள்ளை, எழும்பு, அந்தா வந்திட்டினம்" என்று அதன் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தா.

போத்தலில் பாதி அப்படியே நின்றுவிட்டது. சிவப்பியின் மூச்சும்.

நிரோசன் ஊசியைக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தான். பிறகு, "அக்கா, காலமையே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..." என்று தொடங்கினான்.

"சொன்னனான்தானே தம்பி. நீங்களும் திருப்பித் தந்தனீங்கள்தானே" என்றா தங்கேஸ்வரி. குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டா. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேலிக்கரைக்குப் போய்விட்டேன். கன்று அங்கே கட்டி நின்றது. அது பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

அடுத்தநாள் காலமை நான் மனேச்சரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் போனேன். இருங்கோ என்று கதிரை காட்டினார். மாடு செத்தது வருத்தம் என்றார். பிறகு சொன்னார் பாருங்கள் ஒரு கதை.

"அவா கோல் எடுத்துக் கதைச்சிருக்கலாம்தானே. இது கொமினிகேசன் கப், தொடர்பிலை வந்த இடைவெளி. நாங்கள் என்ன செய்யிறது?"

"அவாவின்ரை காசை உங்கடை மெசின் குடிச்சுப்போட்டுது. நீங்கள் ஒரு கோல் எடுத்திருக்கலாம்தானே?"

"அப்பிடி எல்லாருக்கும் எடுத்தால் பில் என்னத்துக்கு வரும்? நாங்கள் கொஸ்ற்றைக் கொன்றோல் பண்ணவேணும். நீங்களும் பிஸ்னஸ் செய்யிற ஆள், உங்களுக்குத் தெரியாததே?"

தெரியும். தெரிந்தபடியால்தான் பில்லைக் காட்டுங்கோ என்று கேட்டேன். சந்தோசமாகக் காட்டினார். குறைத்த பெருமையைக் காட்டுகிறாராம்.

நான் சந்திக் கடைக்காரன்தான், ஆனால் ரெலிபோன் பில் வாசிக்கத் தெரிந்த கடைக்காரன். விரலை வைத்தேன். "இது என்ன லைன்?"

"அது ஃபக்ஸ்."

"ஃபக்ஸ் மெசின் எங்கை?"

"அது பழுதாய்ப் போட்டுது. ஸ்ரோரிலை கிடக்கு."

மெசின் ஸ்ரோரில். மாத வாடகை மட்டும் ஒழுங்காகப் போகிறது!

"இது ஆற்றை நம்பர்?"

இயக்குநர் சபையில் இருந்த ஒருவருடையது. அவர் இப்போது கனடாவில். ஆள் விமானம் ஏறிவிட்டார். இணைப்பு இங்கேயே நின்று சம்பளம் வாங்குகிறது. இது? இயக்குநர் ஒருவரின் பக்கேஜ், மகன் அதில் கேம் விளையாடுகிறானாம். இது? மேசை லாச்சிக்குள் சும்மா கிடக்கிற இன்ரநெற் டொங்கிள். இது? மனேச்சரின் போனுக்கு யாரும் எடுத்தால் கேட்கிற பாட்டு. அதற்கும் மாசக் காசு!

"இதிலை ஒண்டிலையும் கை வைக்கேல்லையே?"

"அதெல்லாம் முந்தி இருந்தே வாறது. வெட்டினால் இயக்குநர்மார் கோவிப்பினம்."

கேட்டீர்களா? இயக்குநர் கோபிப்பார். தங்கேஸ்வரி கோபிக்கமாட்டா. அதனால் தங்கேஸ்வரியின் லைனை வெட்டு! இதுதானா எபிசியன்சி?

சங்கமும் உறுப்பினர்களும் ஒரே குழுவாகப் பதிந்தால் தங்களுக்குள் காசு வெட்டாமல் பேசுகிற பக்கேஜ் இருக்கிறது. பெரிய இரகசியம் இல்லை. என் கடைக் கண்ணாடியிலேயே விளம்பரம் ஒட்டியிருக்கிறது. பழுதான ஃபக்ஸ் லைனை வெட்டினாலே அதற்கு வழி பிறக்கும். சொன்னேன். "பார்ப்பம், அடுத்த வருசம் பட்ஜெட்டிலை" என்றார்.

எனக்கு இந்தக் 'குறைப்பு'க்காரரை நன்றாகத் தெரியும். ஒரு சங்கத்தில் இல்லை, எல்லா இடத்திலும் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் தண்ணீர்ப் போத்தலை நிறுத்துவார், பெரியவரின் அறையில் ஏசி ஓடும். பள்ளிக்கூடத்தில் சோக்குக்கட்டியை எண்ணுவார், விழாவுக்குப் பந்தல் போடுவார். இவர்கள் செலவைக் குறைப்பதே இல்லை. மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் இருக்கிறவர் பேசமாட்டார் என்கிற துணிவு. பிறகு இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் காட்டிக் கைதட்டு வாங்குவார்கள்.

அந்தக் கைதட்டுத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டம்.

மண்டபம் நிறையப் பெண்கள். எல்லாரும் மாடு பார்க்கிறவர்கள். முன்வரிசையில் இயக்குநர்மார். புரொஜெக்டரில் ஒரு படம் — போன வருடத்துக்கு உயரமாக ஒரு சிவப்புத் தூண், இந்த வருடத்துக்குக் குள்ளமாக ஒரு பச்சைத் தூண். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு இயக்குநர் எழுந்து, "இப்பிடி ஒரு மனேச்சர் கிடைக்க நாங்கள் குடுத்துவைச்சிருக்க வேணும்" என்றார். மகன் கேம் விளையாடுகிறானே, அதே இயக்குநர்!

மனேச்சர் மைக்கைப் பிடித்தார். பொன்னாடை தோளில் இருந்தது. மகிழ்ச்சியில் அவருக்கு ஒரு பெருந்தன்மை பிறந்துவிட்டது.

"உறுப்பினர்களுக்கும் எங்களுக்கும் இடைவெளி இருக்கக் கூடாது. இது என்ரை சொந்த நம்பர். எல்லாரும் பதிஞ்சு வையுங்கோ" என்று கரும்பலகையில் தன் கைத்தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாக எழுதினார். "எந்த நேரமும் எடுக்கலாம். இப்பவும் ஏதும் கேள்வி இருந்தால் கேளுங்கோ."

பெண்கள் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த போன்களை எடுத்து இலக்கத்தைப் பதிந்தார்கள். யாரும் எழும்பவில்லை. சரி, கேள்வி ஒன்றும் இல்லை என்று அவர் மைக்கை வைக்கப் போனார்.

மேசையில் இருந்த அவருடைய போன் ஒரு தரம் அடித்து நின்றது.

எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி ஒரு தரம் அடித்து நின்றது.

"தயவுசெய்து விளையாட வேண்டாம். ஆர் அது?"

நடுவரிசையில் தங்கேஸ்வரி எழும்பி நின்றா. நான் அவா வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கையில் போன்.

"நான்தான் சேர். கேள்வி இருந்தால் கேக்கச் சொன்னீங்கள். என்னட்டைக் காசு இல்லை. அதுதான் மிஸ் கோல் தந்தனான். திருப்பி எடுங்கோ."

சிலர் சிரித்தார்கள். தங்கேஸ்வரி சிரிக்கவில்லை. மனேச்சரும்தான். "அம்மா, நேரை நிண்டுகொண்டு ஏன் போன்? வாயாலை கேளுங்கோ."

"சங்கத்தின்ரை முறை அதுதானே சேர். முறையை மாத்தக் கூடாது. திருப்பி எடுங்கோ."

அப்போது பின்வரிசையில் யாரோ ஒருத்தி பலகையைப் பார்த்து அமத்தினாள். மனேச்சரின் போன் ஒற்றை மணி அடித்தது. இன்னொருத்தி. இன்னொருத்தி. பிறகு எண்ண முடியவில்லை. அந்தப் போன் மேசையில் அடித்து நின்று, அடித்து நின்று, நடுங்கி நடுங்கி விளிம்புக்கே வந்துவிட்டது. ஒருத்தரும் ஒரு சொல் கதைக்கவில்லை. மண்டபத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான். போனடியில் இருக்கிற சுகந்தி கதவோரம் நின்று சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

மேடையில் இருந்த சங்கத் தலைவர் வயலும் மாடும் வைத்திருக்கிற வயதான கமக்காரர். அதுவரை நித்திரையாக இருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எடும் மனேச்சர். அவாவுக்குத் திருப்பி எடும்."

மனேச்சர் போனை எடுத்து அழுத்தினார். மற்றக் கையில் மைக் அப்படியே இருந்ததை அவர் மறந்துவிட்டார்.

நடுவரிசையில் தங்கேஸ்வரியின் போன் அடித்தது. ஒன்று... இரண்டு... அது நிற்கவில்லை. அவா பச்சைப் பொத்தானை அமத்திக் காதில் வைத்தா. அவாவின் குரல் மனேச்சரின் போனுக்குள் போய், மைக்குக்குள் போய், மண்டபத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிப் பெட்டிகளாலும் வந்தது.

"சேர், சிவப்பி படுத்திட்டுது. எழும்புதில்லை. கெதியா ஆளை அனுப்புங்கோ."

அவ்வளவுதான். போனை வெட்டிவிட்டு இருந்துவிட்டா.

மனேச்சரின் 'சொந்த' நம்பருக்கும் பில் சங்கத்துக்குத்தான் வருகிறது, அதனால் அந்த ஒரு கோலின் காசைச் சங்கம்தான் கட்டியது — இந்த வருடம் அந்தச் சங்கம் ரெலிபோனுக்கு உருப்படியாகச் செலவழித்த காசு அது ஒன்றுதான்.